கருவி இலவசம், கம்பி விலைக்கு

2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 25 வரை, நாற்பது நாட்களில் மூன்று காரியங்கள் நடந்தன. அண்ணா பிறந்த நாளான செப்டம்பர் 15 அன்று, மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கும் திட்டத்தை முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். அக்டோபர் 5 அன்று டெல்லியில் ஒன்றிய மனிதவள மேம்பாட்டு அமைச்சர் கபில் சிபல் ‘ஆகாஷ்’ என்ற மலிவு விலை டேப்லெட்டை வெளியிட்டார். அக்டோபர் 25 அன்று நாட்டின் இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழைக் கம்பி இழுக்கும் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. பின்னாளில் ‘பாரத்நெட்’ என்று பெயர் மாறியது இந்தத் திட்டம்தான்.

மடிக்கணினி, டேப்லெட், கம்பி. மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு பிள்ளை வீட்டில் உட்கார்ந்து படிக்க முடியும். ஆனால் மூன்றும் மூன்று அலுவலகங்களில் மூன்று கோப்புகளாகப் போயின. கருவிக் கோப்பு வேகமாக நகர்ந்தது. கம்பிக் கோப்பு ஊராட்சி மன்ற அலுவலகத்தின் சுவரோடு நின்றது. அந்தச் சுவரிலிருந்து நம் வீட்டு வாசல் வரைக்குமான தூரத்தின் வரலாற்றைத்தான் இங்கே பேசப் போகிறோம். இதைப் படிக்கும் தோழர்களில் பலர் அந்த மடிக்கணினியில் படித்து வந்தவர்கள்தான்.

முதலில் ‘இலவசம்’ என்ற சொல்லைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். அந்தச் சொல் எப்போதும் நம்மை நோக்கித்தான் வீசப்படுகிறது.

வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர், 1942 அக்டோபரில் பட்டியல் சாதியினரின் குறைகளைத் தொகுத்து ஒரு மனு கொடுத்தார். பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்கும் அரசு ஆண்டுதோறும் மானியம் கொடுத்துவந்தது. அதற்கு இலவசம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை, மானியம் என்றார்கள். அதே அளவு பணத்தைத்தான் நம் பிள்ளைகளின் மேற்படிப்புக்காக அண்ணல் கேட்டார். ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. இன்று போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை என்று நாம் வாங்குவதன் வேர் 1944-இல் தொடங்கிய அந்தத் திட்டம். அதற்கும் அரை நூற்றாண்டு முன்னால், 1893-இல், பஞ்சமர் கல்விக்கென்று சென்னை மாகாண அரசு 68-ஆம் எண் அரசாணையைப் போட்டது. சேரிக்குள் பள்ளிக்கூடம் வரவேண்டும் என்றால் அரசு பணம் போட்டாக வேண்டும் என்பது அப்போதே ஏற்கப்பட்ட ஒன்று. பலகை, புத்தகம், சத்துணவு, சீருடை, பஸ் பாஸ், சைக்கிள், மடிக்கணினி எல்லாம் அந்த வரிசையில் வந்தவைதான். ஒவ்வொன்றும் வரும்போது ‘சும்மா கொடுத்துக் கெடுக்கிறார்கள்’ என்ற முணுமுணுப்பும் கூடவே வந்தது. முணுமுணுத்தவர்கள் வீட்டில் அந்தப் பொருள்கள் ஏற்கெனவே இருந்தன.

இனி கருவிகளின் கதைக்கு வருவோம்.

2006 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. வண்ணத் தொலைக்காட்சி தருவதாக வாக்குறுதி கொடுத்தது. ஆட்சிக்கு வந்ததும் அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று திட்டம் தொடங்கியது. 14 அங்குலப் பெட்டி. ஏறத்தாழ ஒன்றரைக் கோடி வீடுகளுக்குப் போனது. அதுவரை நம் பிள்ளைகள் படம் பார்க்க ஊர்த் தெருவில் யார் வீட்டு ஜன்னலோரமாவது நிற்க வேண்டியிருந்தது. திண்ணைக்குக் கீழே நின்றுதான் பார்க்க வேண்டும், உள்ளே போகக் கூடாது. அந்தப் பெட்டி காலனிக்குள் வந்த அன்று அந்த ஜன்னல் தேவையில்லாமல் போனது. பொழுதுபோக்குச் சாமான் என்று அதை எள்ளியவர்களுக்கு இந்த ஜன்னல் கணக்குத் தெரியாது.

பெட்டி வந்த மறுநாளே கேபிள்காரரும் வந்தார். பெட்டி ஓசி, படம் தெரிய மாதாமாதம் காசு. கருவியை அரசு ஒரு முறை கொடுக்கிறது, அதற்கான மாதக் கட்டணத்தை ஏழை வீடு ஆயுள் முழுக்கக் கட்டுகிறது. இந்த ஏற்பாடு அங்கேதான் தொடங்கியது. ஆனால் இதில் பலரும் மறந்துபோன ஒரு திருப்பம் உண்டு. 2011 செப்டம்பரில் அரசு கேபிள் டி.வி. நிறுவனம் மறுபடி உயிர்பெற்று, மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புக் கொடுத்தது. அரசியல் பழிவாங்கல் என்று அப்போது பேசினார்கள். இருக்கலாம், அதற்குள் நாம் போகவில்லை. தனியார் கையிலிருந்த ஒரு கம்பியின் மாதக் கட்டணத்தை ஒரு மாநில அரசு நினைத்தால் இறக்கிக் காட்ட முடியும் என்பது அன்று நிரூபணமானது. நமக்கு வேண்டியது அந்தச் சேதிதான். 2016 மே மாதத்தில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் எல்லா வீடுகளுக்கும் கட்டணமில்லாமல் கிடைத்ததும் அதே வழியில் வைத்துப் பார்க்க வேண்டியது. கம்பியில் வருவதையும் அரசு கொடுக்க முடியும்.

தொலைக்காட்சிப் பெட்டியும், 2011-இல் அறிவிக்கப்பட்ட மிக்சி, கிரைண்டர், மடிக்கணினியும் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. எஸ். சுப்பிரமணியம் பாலாஜி எதிர் தமிழ்நாடு அரசு என்ற அந்த வழக்கைச் சட்டம் படிக்கும் தோழர்கள் ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். பொதுப் பணத்தைத் தனிமனிதர்களின் வீட்டுச் சாமானுக்குச் செலவிடுவது அரசமைப்புக்கு விரோதம் என்பது மனுதாரரின் வாதம். 2013 ஜூலை 5 அன்று நீதிபதிகள் சதாசிவம், ரஞ்சன் கோகோய் அமர்வு அந்த வாதத்தை ஏற்கவில்லை. தேர்தல் அறிக்கையில் வாக்குறுதி கொடுப்பது ஊழல் நடவடிக்கை ஆகாது என்றும், தகுதியானவர்களுக்கு இந்தப் பொருள்களைக் கொடுப்பது அரசுக் கொள்கை வழிகாட்டு நெறிகளோடு பொருந்தக்கூடியதே என்றும் தீர்ப்புச் சொன்னது. இலவச வாக்குறுதிகள் தேர்தலின் நேர்மையைப் பாதிக்கின்றன என்ற வருத்தத்தையும் அதே தீர்ப்பு பதிவு செய்தது. 2022-இல் பிரதமர் ‘ரேவடி’ என்று மிட்டாய்க் கதை சொல்ல, அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தத் தீர்ப்பை மறுபரிசீலனை செய்வதற்காக விஷயம் மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. பெருமுதலாளிகளின் வராக்கடன் தள்ளுபடியை எந்த மிட்டாய் என்று சொல்வது என்பதை அந்தப் பேச்சில் யாரும் விளக்கவில்லை.

மடிக்கணினித் திட்டத்தில் நமக்குப் பிடித்தது அதன் எளிமை. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி என்றால் போதும். வருமானச் சான்றிதழ் கேட்டு வட்டாட்சியர் அலுவலகத்தில் நிற்க வேண்டாம், யார் கையெழுத்தையும் கெஞ்ச வேண்டாம். வகுப்பில் இருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி பெட்டி. ஊர்ப் பிள்ளைக்கும் காலனிப் பிள்ளைக்கும் ஒரே நாளில், ஒரே மேடையில். எல்காட் வாங்கிக் கொடுத்த அந்தக் கணினிகளின் எண்ணிக்கை ஆண்டுகள் போகப்போக 50 லட்சத்தைத் தாண்டியது. விற்றுவிட்டார்கள் என்று அவ்வப்போது செய்தி போட்டார்கள். சிலர் விற்றார்கள்தான். வட்டிக்காரர் வாசலில் நிற்கும் வீட்டில் விற்கக்கூடிய ஒரே பொருளாக அதுதான் இருந்திருக்கும். 50 லட்சத்தில் விற்றவர்களைத் தேடிப் போன காமிரா, அதில் படித்து வேலைக்குப் போன பெண்பிள்ளைகளின் வீட்டுக்கு வரவில்லை.

ஆனால் அதில் இணையம் இல்லை. படம் பார்க்கலாம், தட்டச்சு பழகலாம், யாராவது பென் டிரைவில் கொடுத்த பாடத்தைத் திறக்கலாம். அவ்வளவே. ‘ஆகாஷ்’ கதை இன்னும் மோசம். சுமார் 2,250 ரூபாய்க்குச் செய்யப்பட்ட அந்த முதல் டேப்லெட்டில் சிம் போட இடமே கிடையாது, வைஃபை மட்டும்தான். வைஃபை உள்ள வீட்டுப் பிள்ளைக்கு எதற்கு மலிவு டேப்லெட்? இந்தச் சின்னக் கேள்வியைக் கேட்க அந்தத் திட்டக் குழுவில் ஒரு ஏழை வீட்டுப் பிள்ளைகூட இல்லைபோல. தொடுதிரை மந்தம், மின்கலம் சீக்கிரம் தீரும் என்று புகார் குவிந்து, சில ஆண்டுகளில் பேச்சே அடங்கிவிட்டது.

கருவி வேறு, இணைப்பு வேறு என்பதை அரசின் புள்ளிவிவரமே காட்டியது. 2017-18-இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின் 75-ஆவது சுற்று, ஊரகக் குடும்பங்களில் கணினி உள்ளவை 4.4 சதவீதம், இணைய வசதி உள்ளவை 14.9 சதவீதம் என்றது. நகரத்தில் 23.4, 42. இணைய வசதி என்பதில் கைப்பேசி வழி இணையமும் அடக்கம். அப்படி இருந்தும் இவ்வளவுதான்.

இரண்டு ஆண்டு கழித்துக் கொரோனா வந்தது.

ஒடுகத்தூர் ஜவ்வாது மலையடிவாரத்தில், அணைக்கட்டு வட்டத்தில் இருக்கும் பேரூராட்சி. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்தோடு போனது, ஒடுகத்தூர் வேலூரிலேயே தங்கியது. கோடு மாறினாலும் பிழைப்பின் பாதை மாறவில்லை. இந்தப் பகுதியின் காலனிகளிலிருந்து ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனிகளுக்கும் தோல் ஷாப்புகளுக்கும் போகிறவர்கள் ஏராளம். ஷூ கம்பெனிகளில் பெரும்பாலும் நம் பெண்கள். 2020 மார்ச்சில் கம்பெனிகள் மூடின, பள்ளிகளும் மூடின. சம்பளம் நின்றது, வகுப்பு கைப்பேசிக்குள் போனது.

கம்பெனி மறுபடி திறந்த பிறகு நடந்ததை நாங்கள் காலனி காலனியாகப் போய்ப் பார்த்தோம். வீட்டுக்கு ஒரு போன். அது விடியற்காலையில் அம்மாவோடு வேனில் ஏறிப் போய்விடும். ஆன்லைன் வகுப்பு பகல் பத்து மணிக்கு. போன் வீடு திரும்ப ராத்திரி ஏழு, ஏழரை. அதற்குப் பிறகு மூன்று பிள்ளைகள் அந்த ஒரே போனில் அன்றைய வாட்ஸ்அப் பாடத்தைப் பார்க்க வேண்டும். முறை வைத்தால் கடைசிக் குட்டிக்கு முறை வரும்போது அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும். பெண் பிள்ளையின் முறைதான் பெரும்பாலும் கடைசி, இதையும் சொல்லியாக வேண்டும். பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை மலை ஊராட்சிகளின் பழங்குடிப் பிள்ளைகளுக்கு இந்தப் பிரச்சினைகூட இல்லை. சிக்னல் இருந்தால்தானே டேட்டா தீரும்.

மடிக்கணினி கிடைத்த பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு ஒரு வழி செய்தது. 2020 ஜூலையில் அவர்கள் பள்ளிக்கு வந்து, உயர் தொழில்நுட்ப ஆய்வகத்திலிருந்து பாடக் காணொலிகளைத் தங்கள் மடிக்கணினியில் ஏற்றிக்கொண்டு போக ஏற்பாடானது. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்க் கிணற்றுக்குப் போன கதைதான் நமக்கு நினைவு வந்தது. குழாய் இருந்தால் குடத்தைச் சுமப்பானேன்? 2019 ஆகஸ்டில் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி மற்ற வகுப்புகளுக்குக் கைகொடுத்தது. 2006-இல் எள்ளப்பட்ட அந்த 14 அங்குலப் பெட்டியில்தான் பல வீடுகளில் பாடம் ஓடியது என்பதையும் வரலாற்றில் எழுதி வையுங்கள். கேரளத்தில் ஆன்லைன் வகுப்புகள் தொடங்கிய 2020 ஜூன் 1 அன்று மலப்புரம் மாவட்டத்துத் தலித் மாணவி ஒருவர் இறந்துபோனார். வீட்டுத் தொலைக்காட்சி பழுது, ஸ்மார்ட்போன் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் படித்த பிள்ளை.

தமிழ்நாடு அரசு முதன்முறையாகக் கருவியை விட்டுவிட்டு இணைப்பைக் கொடுத்தது 2021-இல்தான். அரசு, அரசு உதவி பெறும் கல்லூரி மாணவர்களுக்கும், உதவித்தொகை பெற்றுச் சுயநிதிக் கல்லூரிகளில் படிப்பவர்களுக்குமாக 9,69,047 பேருக்கு, நாளொன்றுக்கு 2 ஜி.பி. டேட்டா கார்டு என்று முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி ஜனவரியில் அறிவித்தார். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் படிக்கும் நம் பிள்ளைகளும் இதில் வந்தார்கள். தேர்தல் நெருங்கிய நேரம், அது வேறு. விஷயம் என்னவென்றால், கொடுத்தது ஜனவரி முதல் ஏப்ரல் வரை. நான்கு மாதம். நான்கு மாதம் கொடுக்க முடிந்ததை ஐந்தாவது மாதம் ஏன் முடியவில்லை என்று அன்று நாம் உரக்கக் கேட்டிருக்க வேண்டும்.

இதே கேள்வியை அமெரிக்கா எதிர்த் திசையிலிருந்து அணுகியது. 1985-இல், தொலைபேசிக் கட்டணம் கட்ட முடியாத வீடுகளுக்காக ‘லைஃப்லைன்’ என்ற மானியம் வந்தது. ஆபத்துக்கு அழைக்க, வேலை தேட ஒரு இணைப்பு எல்லார் வீட்டிலும் வேண்டும் என்பது அதன் அடிப்படை. 2016-இல் அதை இணையத்துக்கும் விரித்தார்கள், மாதம் 9.25 டாலர். கொரோனாவுக்குப் பிறகு, 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக 1,420 கோடி டாலரில் பெரிய திட்டம் ஒன்று வந்தது. குறைந்த வருமான வீடுகளுக்கு இணையக் கட்டணத்தில் மாதம் 30 டாலர் கழிவு, பழங்குடி நிலங்களில் 75 டாலர். டேப்லெட்டோ கணினியோ வாங்க ஒரு முறை 100 டாலர் வரை. அங்கே இணைப்புதான் திட்டம், கருவி அதோடு வரும் துணை. உணவு உதவியோ மருத்துவ உதவியோ பெறும் வீடு என்றால் தனியாக ஏழ்மையை நிரூபிக்க வேண்டாம், நம் ரேஷன் கார்டைக் காட்டுவதுபோல. 2 கோடியே 30 லட்சம் வீடுகள் சேர்ந்தன. பிறகு நாடாளுமன்றம் புதுப் பணம் ஒதுக்கவில்லை. 2024 ஜூன் 1 அன்று திட்டம் நின்றது. பழைய லைஃப்லைன் மட்டும் நிற்கவில்லை, ஏனென்றால் அதற்குப் பணம் ஆண்டு பட்ஜெட்டிலிருந்து வரவில்லை. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கட்டும் பொது நிதியிலிருந்து வருகிறது. அந்த நிதியே செல்லாது என்று தொடுத்த வழக்கையும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2025 ஜூனில் 6-க்கு 3 என்று தள்ளிவிட்டது.

இப்போது நம் ஊர்க் கணக்கு. அப்படி ஒரு பொது நிதி இந்தியாவிலும் இருக்கிறது. 2002 முதல் இருக்கிறது! தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் சரிக்கட்டப்பட்ட வருவாயில் 5 சதவீதத்தை அனைவருக்குமான சேவைக் கடப்பாட்டு நிதிக்குக் கட்ட வேண்டும். 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தில் ‘டிஜிட்டல் பாரத் நிதி’ என்று அதற்குப் புதுப் பெயர். நிறுவனத்தின் வருவாய் எங்கிருந்து வருகிறது? 2024 ஜூலையில் மூன்று பெரிய நிறுவனங்களும் ஒரே வாரத்தில் கட்டணத்தை உயர்த்திய பிறகு நம் அம்மாக்கள் போட்டுக்கொண்டிருக்கும் ரீசார்ஜிலிருந்தும்தான். காலனி வீட்டு ரீசார்ஜிலிருந்து ஒரு பங்கு, ‘அனைவருக்குமான சேவை’க்காக இருபது ஆண்டுக்கு மேலாகப் போய்க்கொண்டிருக்கிறது. அந்தப் பணத்தில் கோபுரம் எழுகிறது, ஊராட்சி அலுவலகம் வரை கண்ணாடி இழை போகிறது. வசூலானது முழுதும் இந்த வேலைக்குப் போய்ச் சேரவில்லை என்று தணிக்கைத் துறை பலமுறை எழுதியிருக்கிறது. வீட்டுக்குள் வரும் இணைப்புக்கான மாதக் கட்டணமாக அது இன்றுவரை நம் பக்கம் வரவில்லை.

தமிழ்நாட்டில் பாரத்நெட் வேலையைத் தான்ஃபிநெட் செய்கிறது, 12,525 கிராம ஊராட்சிகள் அதன் கணக்கு. ஒடுகத்தூர் பேரூராட்சி, ஆகவே அந்தக் கணக்கில் வராது. சுற்றியுள்ள ஊராட்சிகள் வரும். ஊராட்சி அலுவலகம் எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். எத்தனை ஊராட்சிகளில் அது காலனிப் பக்கம் இருக்கிறது? மின்கம்பம் முதலில் ஊரில் நட்டு, சேரிக்கு ஆண்டுகள் கழித்து வந்த அதே வழித்தடத்தில்தான் இந்தக் கம்பியும் வந்துகொண்டிருக்கிறது. கேரளம் கேஃபோன் என்று சொந்தமாகவே ஒரு வலை அமைத்து, வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள 20 லட்சம் வீடுகளுக்கு இலவச இணைப்பு என்று இலக்கு வைத்தது. 2023 ஜூனில் தொடங்கியபோது முதல் கட்டத்துக்கு எடுத்துக்கொண்டது 14,000 வீடுகள். கொஞ்சம்தான், ஆனாலும் வீட்டு வாசலைக் கணக்கில் எடுத்த திட்டம் அது.

சட்டமும் நம் பக்கம் நகர்ந்திருக்கிறது. இணைய அணுகல் கல்வி உரிமையின் பகுதி என்று 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது, விடுதியில் கைப்பேசிக்குத் தடை போட்டதை எதிர்த்து ஒரு மாணவி தொடுத்த வழக்கில். 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் அணுகல் 21-ஆம் பிரிவின் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்றது. அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர்களும் போராடி வாங்கிய தீர்ப்பு அது.

இதற்கிடையில் கருவி மறுபடி வந்திருக்கிறது. 2020-க்குப் பிறகு நின்றுபோயிருந்த திட்டத்துக்கு மாற்றாக, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப்லெட் அல்லது மடிக்கணினி என்று 2025 மார்ச் பட்ஜெட்டில் நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிவித்தார், முதல் கட்டமாக 2,000 கோடி ரூபாயில். வரவேற்கிறோம், வாங்கிக்கொள்ளுங்கள், வாங்கியதற்கு வெட்கப்படாதீர்கள். கூடவே இரண்டு கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, இந்தச் செலவில் எவ்வளவு ஆதிதிராவிடர் துணைத் திட்டக் கணக்கில் எழுதப்படுகிறது? எல்லோருக்குமான பொதுத் திட்டங்களின் செலவில் ஒரு பங்கைத் துணைத் திட்டத்தில் எழுதிக் கணக்கை நேர்செய்வது என்பது தலித் அமைப்புகள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் புகார். இப்போது பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்கென்றே 2024-இல் மாநிலச் சட்டம் வந்துவிட்டது. மக்கள்தொகையில் நாம் 20 சதவீதம். அந்தப் பங்கு நம் பெயரில் இருக்கிறது என்றால், பொதுவில் எப்படியும் கிடைக்கும் கருவியை அதில் எழுதிவிட்டு, பொதுவில் கிடைக்காத இணைப்புக்குப் பணம் இல்லை என்று சொல்ல முடியாது.

இரண்டு, உங்கள் ஊராட்சி அலுவலகத்துக்கு வந்த கண்ணாடி இழை இன்று வேலை செய்கிறதா? அதிலிருந்து அங்கன்வாடிக்கும், ஆதிதிராவிடர் நலப் பள்ளிக்கும், விடுதிக்கும், காலனித் தெருவுக்கும் இணைப்பு உண்டா? எந்தத் தேதியிலிருந்து? இதைக் கிராம சபையில் வாயால் கேட்டால் பதிலும் வாயோடு போய்விடும். தகவல் உரிமைச் சட்டத்தில் எழுத்தில் கேளுங்கள். முதல் கேள்வியைச் சென்னையில் ஆதிதிராவிடர் நலத்துறை இயக்குநரகத்துக்கும், இரண்டாவதை உங்கள் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். வெள்ளைத்தாளில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.